கனடாவுக்கு வெளிக்கிட முன்: எந்த மாகாணம், எந்த மாதம்?

போன கோடையில் லண்டனிலிருந்து சித்தப்பா போன் எடுத்தார். "தம்பி, பத்து நாள் லீவு. ரொறன்ரோவில இறங்கி நயாகராவைப் பாத்திட்டு, அப்பிடியே காரில வன்கூவர் போய், வழியில அந்த நீல ஏரியையும் பாத்திட்டுத் திரும்புவம், என்ன?"

"சித்தப்பா, வன்கூவருக்குப் போய்ச் சேரவே உங்கட லீவில பாதி முடிஞ்சிடும்" என்றேன். அவர் நம்பவில்லை. நான் வர மனமில்லாமல் சாட்டுச் சொல்வதாக நினைத்திருப்பார். கடைசியில் சித்தி வரைபடத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் அமைதியானார்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், படிக்க வருகிறவர்கள், நிரந்தர வதிவிடம் பெற்று வந்திறங்குகிறவர்கள் எனப் பலரை இத்தனை வருடங்களாக விமான நிலையத்தில் போய் ஏற்றியிருக்கிறேன். அவர்கள் விடும் பிழைகளில் முக்கால்வாசி இரண்டு கேள்விகளைக் கேட்காததால் வருகிறவை. எந்த மாகாணத்துக்குப் போகிறோம்? எந்த மாதத்தில் போகிறோம்?

1. வரைபடத்தை விரியுங்கள்

கனடாவின் பரப்பு ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோமீற்றர். இலங்கையைப்போல் 150 மடங்கு. ஒன்ராறியோ என்ற ஒரு மாகாணத்துக்குள்ளேயே தமிழ்நாட்டை எட்டுத் தடவை வைக்கலாம். ரொறன்ரோவிலிருந்து மேற்கே காரை எடுத்தால் ஒன்ராறியோ எல்லையைத் தாண்டவே இரண்டு நாள் பிடிக்கும். வன்கூவர் வரை வீதிவழி ஏறக்குறைய 4,400 கிலோமீற்றர். விமானத்தில் ஐந்து மணித்தியாலம், ரயிலில் நான்கு இரவு.

இவ்வளவு நிலத்தில் இருப்பது நாலு கோடிச் சனம். அதிலும் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீற்றருக்குள் நெருங்கி இருக்கிறார்கள். நுனாவுட் ஆட்சிப்பகுதிக்குத் தெற்கிலிருந்து வீதியே கிடையாது. அங்குள்ள ஊர்களுக்கு இடையிலும் கிடையாது. விமானம்தான் பஸ். கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்தில் நேரம்கூட அரை மணித்தியாலக் கணக்கில் ஓடும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த எங்களுக்கு அந்த அரை மணித்தியாலம் புதிதில்லை, மற்றவர்களுக்குத்தான் வேடிக்கை. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கடலில் தத்தளித்த ஈழத்தமிழர் 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்தது இந்த நியூஃபவுண்ட்லாந்துக் கடலில்தான்.

10 மாகாணங்கள், 3 ஆட்சிப்பகுதிகள். இதைப் பள்ளிக்கூடப் பாடம்போல மனனம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: மருத்துவ அட்டை, வாகன லைசென்ஸ், பள்ளிக்கூடம், வாடகைச் சட்டம், கடை வரி எல்லாமே மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கல்கரியில் இருக்கும் மச்சான் "இங்க அப்பிடியெல்லாம் இல்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அது அல்பேர்ட்டா, அவ்வளவுதான். யார் ஆலோசனை சொன்னாலும் முதலில் அவர் எந்த மாகாணத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

கியூபெக் இன்னும் தனி. அங்கே அரச மொழி பிரெஞ்சு. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். மொன்றியல் அழகான நகரம், வாடகையும் ரொறன்ரோவைவிடக் குறைவு. ஆனால் பிரெஞ்சு படிக்க மனமில்லாமல் அங்கே குடியேறப் போகிறவரை நான் மறிப்பேன்.

2. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

சுற்றிப் பார்க்க என்றால் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் முடிவு வரை. ரொறன்ரோவில் ஜூனில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். ஆகஸ்ட் முடிவில் ஸ்காபரோவின் மார்க்கம் ரோட்டில் தமிழர் தெருவிழாவும் நடக்கும். செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் பாதியிலும் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறுவதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் கனடாவின் மிகச் சிறந்த மூன்று கிழமைகள் அவைதான். ஜூனில் காட்டுப்பக்கம் போகிறவர்கள் நுளம்பையும் கடிக்கிற சின்னக் கறுப்பு ஈயையும் எதிர்பார்த்துப் போகவேண்டும். குளிர்நாட்டில் நுளம்பா என்று சிரித்தவர்கள் இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

நவம்பரில் வராதீர்கள். இலையும் இல்லை, ஸ்னோவும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

குடியேறி வருகிறவர்களுக்கு முடியுமானால் மே அல்லது ஜூன். வீடு தேட, லைசென்ஸ் எடுக்க, பஸ் பாதை பழக, முதல் குளிருக்கு முன் நாலைந்து மாதம் கிடைக்கும். ஜனவரியில் படிப்புத் தொடங்கும் மாணவர்கள்தான் பாவம், வந்திறங்கும் நாளிலேயே எல்லாவற்றையும் ஒன்றாக வாங்குவார்கள்.

3. விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் வருகையாளர் விசா தேவை. விண்ணப்பக் கட்டணம் 100 டொலர். விரல் அடையாளமும் படமும் எடுக்க 85 டொலர். அரசாங்கப் படிவங்கள் இலவசம். படிவத்துக்கே காசு கேட்கிற இணையத்தளம் அரசாங்கத்துடையது இல்லை.

பலர் குழம்பும் இடம் ஒன்று. கடவுச்சீட்டில் பத்து வருட விசா ஒட்டியிருந்தால் பத்து வருடம் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்துக்குள் பல தடவை வந்து போகலாம், அவ்வளவே. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு காலம் நிற்கலாம் என்பதை எல்லை அதிகாரி தீர்மானிப்பார். அவர் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஆறு மாதம். அதற்குமேல் நிற்க வேண்டுமானால் அந்த ஆறு மாதம் முடியமுன் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் வரும் அம்மா அப்பாவுக்கும், பேரப்பிள்ளைகளிடம் வரும் அம்மம்மா தாத்தாவுக்கும் சுப்பர் விசா என்று ஒன்று உண்டு. ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். அதற்குக் குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி காட்டவேண்டும். சாதாரண வருகையாளர் விசாவில் வருகிறவர்களைக் காப்புறுதி எடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நீங்களே எடுங்கள். கனடாவில் வைத்தியம் இலவசம் என்று ஊரில் சொல்வார்கள். அது இங்கே வதிபவர்களுக்கு. வருகையாளர் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் பல ஆயிரம் டொலர் கட்டவேண்டி வரும்.

முகவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல வழக்கறிஞர்கள் போன்ற உரிமம் பெற்ற சட்டத்துறையினருக்கும் உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும்தான் அனுமதி. அவர்களுடைய பெயர் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பார்க்கலாம். எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசாங்கத்திடம் பெறும் ஒப்புதல்) வேலைக் கடிதம் எடுத்துத் தருகிறேன், இத்தனை இலட்சம் தா என்று யாராவது கேட்டால் விலகிவிடுங்கள். அதற்கான 1,000 டொலர் கட்டணத்தை முதலாளிதான் கட்டவேண்டும். தொழிலாளியிடமிருந்து அதை அறவிடுவது சட்டவிரோதம். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் காணியை ஈடுவைத்து அப்படி ஒரு கடிதம் வாங்கினான். கடிதத்தில் இருந்த முகவரியில் போய்ப் பார்த்தால் பூட்டிய கடை.

4. சூட்கேஸில் என்ன, கையில் என்ன

குளிர் உடுப்பை ஊரில் வாங்காதீர்கள். கொழும்பிலோ சென்னையிலோ 'விண்டர் ஜக்கெட்' என்று விற்பதைப் போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்கோ ஊட்டிக்கோ போகலாம். ஒரு ஸ்வெட்டர், மூடிய சப்பாத்து, வந்திறங்கிக் கார் வரை நடக்க ஒரு ஜக்கெட் போதும். மிச்சத்தை இங்கே வாங்கலாம்.

கொண்டுவர வேண்டியவை கடதாசிகள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, படிப்புச் சான்றிதழ்கள். பலரும் மறந்துவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொள்ளும் ஒன்று, எத்தனை வருடமாக வாகனம் ஓட்டுகிறீர்கள் என்று லைசென்ஸ் வழங்கிய அலுவலகம் தரும் கடிதம். ஒன்ராறியோவில் எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணியதும் நேரே முழு லைசென்ஸுக்கான ஓட்டப் பரீட்சைக்குப் போகவா, மாதக்கணக்காகக் காத்திருக்கவா என்பதை அந்தக் கடிதம் தீர்மானிக்கலாம். இங்கே வந்தபிறகு அதை ஊரிலிருந்து எடுப்பிப்பது பெரிய அலைச்சல்.

நிரந்தர வதிவிடத்துடன் வருகிறவர்கள் இரண்டு பட்டியல் எழுதி வாருங்கள். ஒன்று கையோடு கொண்டுவரும் பொருட்கள், மற்றது பின்னால் வரப்போகிறவை. நகையையும் மறக்காமல் எழுதுங்கள், படமும் பெறுமதிச் சீட்டும் வைத்திருங்கள். முதல் நாளே எல்லை அதிகாரியிடம் பட்டியலைக் கொடுத்துப் பதிந்துவிட்டால், பிறகு அம்மா தாலிக்கொடியோ காப்போ கொண்டுவரும்போது வரிப் பிரச்சினை வராது.

10,000 டொலரோ அதற்கு மேலோ காசு இருந்தால் சொல்லவேண்டும். கொண்டுவரலாம், தடையில்லை, சொல்லாமல் கொண்டுவருவதுதான் குற்றம். சாப்பாட்டுச் சாமானுக்கும் அதே கதை. கருவாடு, மாங்காய், மிளகாய்த்தூள் எதுவானாலும் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆகாததை எடுத்து வைத்துவிட்டு உங்களை விட்டுவிடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். கறிவேப்பிலையைச் சுருட்டிக் காலுறைக்குள் வைத்து வந்த மாமி ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் அது கட்டுக் கட்டாக விற்கிறது.

5. முதல் கிழமை

ஒழுங்கு முக்கியம். முதலில் போன் நம்பர், ஏனென்றால் மற்ற எல்லாப் படிவமும் அதைக் கேட்கும். அடுத்தது சமூகக் காப்புறுதி இலக்கம்; எல்லாரும் 'சின் நம்பர்' என்பார்கள். ஒன்பது இலக்கம், இலவசம், சேர்விஸ் கனடா அலுவலகத்தில் எடுக்கலாம். தற்காலிக வதிவிடக்காரர்களுக்கு அது 9இல் தொடங்கும். வேலை தருபவருக்கும் வங்கிக்கும் கொடுக்கலாம். போனில் கேட்பவருக்குக் கொடுக்கக் கூடாது. வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், பொலிஸ் வருகிறது என்று மிரட்டிக் கேட்டால் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வங்கிக் கணக்கு. நான்காவது மருத்துவ அட்டை. ஒன்ராறியோவில் மூன்று மாதக் காத்திருப்பு 2020இல் எடுக்கப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதியும் அடுத்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும், கியூபெக்கில் மூன்று மாதம் வரை. அந்த இடைவெளிக்குத் தனியார் காப்புறுதி எடுங்கள். அட்டை கிடைத்தாலும் பல்லும் கண்ணாடியும் மருந்துக்கடைச் செலவும் பெரும்பாலும் உங்கள் காசுதான். ஊரில் பல்லைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

அவசரத்துக்கு 911. ஆபத்தில்லாத சுகவீனத்துக்கு ஒன்ராறியோவில் 811இல் தாதியிடம் கதைக்கலாம். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாத எந்த உதவிக்கும் 211.

தெருவைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். இங்கே வாகனம் வலப்பக்கமாக ஓடுகிறது. கால் பழகக் குறைந்தது ஒரு மாதம் எடுக்கும்.

6. குளிர்

பாரிசைவிட, லண்டனைவிடத் தெற்கே இருக்கிறது ரொறன்ரோ. அப்படியிருந்தும் அங்கிருந்து வரும் உறவினர்கள் இந்தக் குளிரில் வாயடைத்துப் போவார்கள். ஐரோப்பாவுக்குக் கடல் காற்று சூடு கொடுக்கிறது. எங்களுக்கு வடதுருவப் பக்கத்துக் காற்று தடுக்க ஒரு மலையுமில்லாமல் நேரே இறங்குகிறது. வினிபெக்கில் ஜனவரி இரவுகள் சராசரியாக மைனஸ் இருபதைத் தாண்டும். வன்கூவரில் மட்டும் பெரும்பாலும் மழைதான், அங்கே போகிறவர் குடை வாங்கினால் போதும்.

என் முதல் ஜனவரியில் ஒரு காலை ஜன்னலால் பார்த்தேன். வானம் நீலம், வெயில் பளீரென்று எறிக்கிறது. ஊரில் வாங்கிய லெதர் ஜக்கெட்டோடு பஸ்ஸுக்குப் போனேன். பத்து நிமிடத்தில் காது எனக்குச் சொந்தமில்லை. பிறகுதான் விளங்கியது: ஸ்னோ கொட்டுகிற நாள் அவ்வளவு குளிராது, மேகம் போர்வைபோல் மூடியிருக்கும். முகில் இல்லாத வெயில் நாள்தான் கடும் குளிர். வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள், போனில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'எப்படி உணரும்' என்று இன்னொரு எண் இருக்கும். அதைத்தான் பார்க்கவேண்டும். மைனஸ் 10 பாகையில் 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு மைனஸ் 20. அந்த எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். விரல் வலிப்பது முதல் எச்சரிக்கை. வலி நின்று மரத்து வெளுத்தால் உடனே உள்ளே போங்கள். தேய்க்காதீர்கள், கொதிதண்ணீரில் வைக்காதீர்கள், இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும்.

உடுப்பை வெங்காயம்போல அடுக்குங்கள். உடம்போடு ஒட்டிய தேர்மல், அதற்குமேல் கம்பளியோ ஃப்ளீஸோ, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத நீள ஜக்கெட். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிர வைக்கும். தலைக்கு 'டூக்' எனப்படும் கம்பளித் தொப்பி. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் 'மிட்' சூடு. காசைச் சேமிக்க நினைத்தால் ஜக்கெட்டில் சேமியுங்கள், பூட்ஸில் சேமிக்காதீர்கள். தடித்த சொக்ஸ் போட்டபிறகும் விரலை அசைக்க இடம் இருக்கும் அளவில் வாங்குங்கள்; இறுகினால் இரத்தம் ஓடாது, கால் விறைக்கும். பெப்ரவரி, மார்ச்சில் எல்லாம் பாதி விலைக்கு வரும். பழைய உடுப்புக் கடையில் வாங்குவதில் இங்கே யாருக்கும் வெட்கமில்லை.

உருகி மறுபடி உறைந்த தண்ணீர் தார் வீதியில் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு ஐஸ் என்பார்கள். சின்ன அடியாக, பாதத்தை முழுதாக ஊன்றி, பெங்குவின்போல நடங்கள். கையை ஜக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள், விழும்போது ஊன்ற ஏதும் இருக்காது.

வீட்டுக்குள் ஹீற்றர் காற்றை உலர்த்திவிடும். மூக்கால் இரத்தம் வரலாம், கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிக்கும். ஈரப்பதக் கருவி ஒன்று வையுங்கள். போனை உள்பையில் வையுங்கள், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும். தேங்காயெண்ணெய் மாதக்கணக்காகக் கட்டியாகவே இருக்கும். கரண்டியால் சுரண்டத்தான் வேண்டும்.

டிசெம்பரில் ரொறன்ரோவில் மாலை ஐந்துக்கு முன்னமே இருட்டிவிடும். முதல் வருடம் பலருக்கு மனம் சோர்வது இந்த இருட்டால்தான், குளிரால் இல்லை. மத்தியானத்தில் அரை மணித்தியாலமாவது வெளியே நடவுங்கள். ஒட்டாவாவில் றிடோ கால்வாய் உறைந்தால் 7.8 கிலோமீற்றருக்குப் பனிச்சறுக்கு வழியாகிவிடும். 2023 குளிர்காலத்தில் போதிய அளவு உறையாமல் அதன் வரலாற்றில் முதல் தடவையாக அது திறக்கவேயில்லை.

7. வீடு

பார்க்காத வீட்டுக்குக் காசு அனுப்பாதீர்கள். ஒன்ராறியோவில் முதல் மாத, கடைசி மாத வாடகையை முன்பணமாகக் கேட்கலாம். 'சேதத்துக்கு' என்று மேலதிகக் காசு கேட்கச் சட்டம் இடம் கொடுக்காது. பலர் முதலில் தங்குவது பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில். வெளியேற வழி, ஜன்னல், புகை எச்சரிக்கைக் கருவி மூன்றையும் பாருங்கள், ஹீற்றர் கட்டுப்பாடு யார் கையில் என்றும் கேளுங்கள். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீடு 21 பாகைக்குக் குறையக்கூடாது என்பது நகரச் சட்டம்.

8. காசு

விலைச்சீட்டில் இருப்பது முழு விலை இல்லை. வரி கவுண்டரில்தான் ஏறும். 10 டொலர் சேர்ட் ஒன்ராறியோவில் 11.30, அல்பேர்ட்டாவில் 10.50. அரிசி, மரக்கறி, பால் போன்ற அடிப்படைச் சாமானுக்கு வரியில்லை. உணவகத்தில் வரிக்குமேல் 15 சதவீதமாவது டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள். ஆகவே பட்டியலில் 20 டொலர் என்றால் கையிலிருந்து ஏறக்குறைய 26 போகும். ஒரு சத நாணயம் 2013இல் நின்றுவிட்டதால் கைக்காசாகக் கொடுத்தால் கிட்டிய ஐந்து சதத்துக்குச் சரிசெய்வார்கள். ஒரு டொலர் நாணயம் 'லூனி', அதில் லூன் என்ற நீர்ப்பறவை. இரண்டு டொலர் 'டூனி'.

ஊரில் எவ்வளவு சொத்து இருந்தாலும் இங்கே உங்கள் கடன் வரலாறு, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற பதிவு, பூச்சியத்தில் தொடங்கும். சிறிய எல்லையோடு ஒரு கடனட்டை எடுத்து, மாதாமாதம் முழுதாகக் கட்டுங்கள். வருமானமே இல்லாவிட்டாலும் வரிப் படிவம் போடுங்கள். பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் வரிச் சலுகைகளும் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். கடைசித் திகதி ஏப்ரல் 30.

9. ஊர் சுற்ற

ஒரு பயணத்தில் ஒரு மூலை, அதுதான் என் சட்டம். கிழக்கே என்றால் ரொறன்ரோ, 130 கிலோமீற்றர் தள்ளி நயாகரா, பிறகு ஒட்டாவா, மொன்றியல், 1608இல் உருவான கியூபெக் நகரம். பத்து நாளுக்கு இது தாராளம். மேற்கே என்றால் கல்கரியில் இறங்கி, 1885இலிருந்து பாதுகாக்கப்படும் பான்ஃப் தேசியப் பூங்கா, பிறகு லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீற்றர் மலைவீதி. சித்தப்பா சொன்ன நீல ஏரி மொரேன். அங்கே சொந்தக் காரை இப்போது விடுவதில்லை, பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யவேண்டும். நவம்பரில் வராதீர்கள் என்றேன், ஆனால் துருவக்கரடி பார்க்க ஆசையென்றால் மட்டும் ஒக்டோபர், நவம்பரில் மனிட்டோபா மாகாணத்தின் வடக்கே உள்ள சேர்ச்சில் ஊர். வீதி இல்லை, ரயில் அல்லது விமானம்.

பள்ளிக்கூட விழாவிலோ கூட்டத்திலோ போயிருந்தால், நாம் நிற்கும் நிலம் எந்தப் பூர்வகுடியினருடையது என்று முதலில் வாசிப்பார்கள். கனடா என்ற பெயரே கிராமம் என்று பொருள்படும் 'கனாட்டா' என்ற அவர்களுடைய சொல்லிலிருந்து வந்தது. செப்டெம்பர் 30இல் பிள்ளைகள் செம்மஞ்சள் சேர்ட் கேட்டால், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளை நினைவுகூரும் நாள் அது. வாங்கிக் கொடுங்கள்.

குடியேறி வந்தவர்கள் முதல் நாளே ஒரு கொப்பி வாங்கி, நாட்டைவிட்டு வெளியே போகும் திகதியையும் திரும்பும் திகதியையும் எழுதத் தொடங்குங்கள். நிரந்தர வதிவிடத்தைக் காப்பாற்ற ஐந்து வருடத்தில் 730 நாள், குடியுரிமை கேட்க ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒவ்வொரு பயணத்தையும் கேட்பார்கள். அக்காவின் கலியாணத்துக்கு எந்தத் திகதி போய் எந்தத் திகதி வந்தேன் என்று பழைய வட்ஸ்அப் படங்களைத் தோண்டி, நான் இரண்டு இரவு முழித்திருந்தேன்.